கொருக்குப்பேட்டை கேட்

லாசர்,
கேட் போட்டிருந்த அந்த மாலையை
நீ வரையக்கூடாது, நான் எழுதக்கூடாது என்று
பேசி வைத்தோம்.
பாக்கி எல்லாவற்றையும் அதற்குள்
தின்று முடித்திருந்தோம்.

ராயபுரத்தில் ஐஸ் குடோனுக்கு மேலே ஒரே அறை,
ஒரே ஜன்னல்.
வடக்கு வெளிச்சம் படம் போடுகிறவனுக்குத்தான் என்று
முதல் நாளே ஈசலை அங்கே நிறுத்தினாய்.
நான் அடுப்புப் பக்கம்,
ரேஷன் அரிசி டின் மேல் நோட்டை வைத்து எழுதினேன்.
கீழே பார் ஐஸ் உடைக்கும்போதெல்லாம்
மேலே என் வரி ஒன்று இரண்டாகும்.
குறையாகச் சொல்லவில்லை.
உடைந்த வரிகள்தான் நன்றாயிருக்கின்றன என்று
பின்னால் நாலு பேர் சொன்னார்கள்.

பிரஸ்ஸில் ராத்திரி ஷிப்டு புரூஃப் பார்த்த காசில்
உனக்குக் காட்மியம் சிவப்பு, ஒரு டியூப்.
அந்த மாதம் கரண்ட் பில் கட்டவில்லை.
இருட்டில் ஒரே தட்டில் அத்தோ.
முட்டையைத் தடவிப் பார்த்து
என் பக்கம் தள்ளினாய்.
அதையும் விடவில்லை நான்.
அந்தக் கவிதைக்கு ஐந்நூறு ரூபாய் வந்தது.

ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியிலிருந்து
வெறும் வயிற்றோடு வந்த மறுநாள்
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
பின்னால் நீ வந்து நிற்பது தெரிந்தது.
தோளில் கை வைப்பாய் என்று இருந்தேன்.
"யசோ, அப்படியே இரு. திரும்பாத."
கரிக்கோல் தாளில் உரசும் சத்தம்.
நான் திரும்பவில்லை.
ஏன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.
அந்த முதுகு இப்போது அண்ணாநகரில்
ஒரு டாக்டர் வீட்டு ஹாலில் தொங்குகிறது.
சோபாவுக்குப் பொருத்தமான நிறமாம்.

நான் மட்டும் என்ன.
எண்ணூர் முகத்துவாரத்தில் உன் தம்பி செல்வின்
மூன்றாம் நாள் ஒதுங்கினான், உடம்பெல்லாம் சாம்பல் சேறு.
"அவன் செருப்பு சைஸுகூட எனக்குத் தெரியாதே"
என்று தலையில் அடித்துக்கொண்டாய்.
கட்டிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.
பிடித்தபடியே
அந்த வாக்கியம் மறந்துவிடக் கூடாதென்று
மனசுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன்.
என் இரண்டாம் தொகுப்பின் கடைசி வரி அது.
உன் அம்மா படித்தாள்.
அதற்கப்புறம் என் கையால் ஒரு வாய் காபி
வாங்கவில்லை.

பிறகு அந்த மாலை.
துறைமுகத்திலிருந்து நிலக்கரி வண்டி
போய்க்கொண்டே இருந்தது, போய்க்கொண்டே.
மணலிப் பக்கமிருந்து கேஸ் வாடை.
டி.வி.எஸ்ஸை அணைத்துவிட்டுக் கால் ஊன்றி நின்றாய்.
"இன்னாடா இது, ஊரையே கட்டி இஸ்துனு போறானா"
என்றாள் மீன் அன்னக்கூடையோடு ஒருத்தி.
சிரித்தோம்.
எத்தனை மாசம் கழித்து.
உன் மஞ்சள் சட்டை முதுகில் நெற்றியை வைத்து
வேகன்களை எண்ணினேன்.
நீயும் எண்ணியிருக்கிறாய்.
ஐம்பத்தெட்டு என்றேன். ஐம்பத்தேழு என்றாய்.
இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.
கேட் ஏறியும் வண்டியை எடுக்காமல் நின்றோம்,
பின்னால் ஹாரன், வசவு.
அப்போதுதான் சொன்னாய்:
"இது ஒண்ணையாவது விட்டுடலாம் யசோ."

பிரிந்து ஆறு வருஷம்.
கிரீம்ஸ் ரோட்டில் உன் கண்காட்சிக்கு
நீ இருக்கமாட்டாய் என்று தெரிந்த
ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனேன்.
முப்பத்தோரு படம்.
தேடினேன், போலீஸ்காரி மாதிரி.
ஒன்றில் மட்டும் ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு கோடு.
கிட்டே போனால் துணி காயப்போட்ட கொடி.
வாக்குத் தவறவில்லை நீ.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில்
உன் அழைப்பிதழின் பின்பக்கம்
இதை ஆரம்பித்தேன்.
மன்னிப்புக் கேட்கவில்லை.
கையிருப்பில் வேறு ஒன்றுமில்லை.

நீ படித்தால் எரிச்சல்தான் படுவாய்.
அன்றைக்கு உன் சட்டை
மஞ்சள் இல்லை.